இருவாச்சியின் காரும் இணைப்புச் சீரும்

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. அதை வாங்கியவனுக்கு இரண்டு சிறகுகளும் இருந்தன. இந்தக் கதையில் வரப்போகும் துன்பம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கம். பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கடைசி வரிக்குப் போய் நீதியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

அவன் பெயர் சென்னியப்பன். பிறப்பில் இருவாச்சி. தலைக்கு மேல் மஞ்சள் கொண்டை, முகத்துக்கு முன்னால் அரை முழ அலகு. அவன் பறந்தால் மலைரயில் ஏறுவது போலச் சிறகுச் சத்தம் அடுத்த பள்ளத்தாக்கு வரை கேட்கும். மலை உச்சியிலிருந்து ஆற்றங்கரை அத்திமரத்துக்கு அவன் பறந்து போய்ச் சேரும் நேரத்தில், தூங்கி எழுந்த காட்டுப்பன்றி ஒரு கொட்டாவியை விட்டு முடித்திருக்காது. அதே இடத்துக்குக் காரில் போனால் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, யானைக்கூட்டம் சாலையைக் கடக்கும் வரை காத்திருந்து, வெயில் சாய்ந்த பிறகு போய்ச் சேரலாம்.

பறக்கத் தெரிந்தவனுக்குக் கார் எதற்கு என்று காட்டில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள். மான் வாங்கியிருந்தது. முயல் வாங்கியிருந்தது. சிறுத்தைகூட வாங்கியிருந்தது. ஆமை வாங்கியதை மட்டும் ஒருவாறு மன்னிக்கலாம்.

அவன் மனைவி வேலாத்தாள் மட்டும் கேட்டாள்.

"ஏனுங்க, அத்திப்பழம் பொறுக்கியார எதுக்குங்க காரு?"

"பழத்துக்கு இல்ல அம்மிணி. பேசறதுக்கு."

"பேசறதுக்குத்தான் போனு இருக்குதுங்களே?"

"போன்ல பேசறது வேற. கார்ல போய்க்கிட்டே பேசறது வேற. போனைத் தொடவே வேண்டாம். நீ கூப்பிடுவ. காரே எடுத்துக்கும். உன்ற குரல் நாலு பக்கமும் ஸ்பீக்கர்ல வரும். நானு ஸ்டீயரிங்கை விட்டு எறக்கையை எடுக்காம, 'சொல்லு அம்மிணி'ம்பேன்."

"அப்படிச் சொல்லி என்னுங்க ஆகப்போகுது?"

 காரை விற்ற நரியிடம் இதைக் கேட்கச் சென்னியப்பனுக்குத் தோன்றியிருக்கவில்லை. நரிக்கும் யாரும் இதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக்கமில்லை.

வேலாத்தாள் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் மனைவி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவார்கள். உள்ளே போனவள் தன் பெரிய இறகுகளை எல்லாம் உதிர்த்துவிடுவாள். அவை மறுபடி முளைக்கும் வரை அவளால் பறக்க முடியாது. அதுவரை புருஷன் இரை கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டினால் உண்டு. ஊட்டாவிட்டால் தாயும் குஞ்சும் உள்ளேயே காய வேண்டியதுதான். காடு இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைத்தவர்கள் யாரும் பொந்துக்குள் உட்கார்ந்ததில்லை.

அந்த வருடம் வேலாத்தாள் பொந்துக்குள் போனும் எடுத்துப்போவது என்று முடிவானது. பழம் பற்றாவிட்டால், சுவர் விரிசல் விட்டால், உடும்பு கண்ணில் பட்டால் உடனே கூப்பிட வேண்டும். கார் எடுத்துக்கொள்ளும். அதுதான் ஏற்பாடு.

பொந்துக்குள் போவதற்கு முன்பு கார் பூசை நடந்தது. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். முன் கண்ணாடிக்குச் சந்தனம் பூசினார்கள், ஓட்டும்போது சாலை தெரியாத அளவுக்கு. அதன் பிறகு அந்தக் காட்டில் புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு சடங்கு நடந்தது. அதற்கு இணைப்புச் சீர் என்று பெயர். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக முன் சீட்டில் ஏறி, தங்கள் போனைக் காரின் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டு இறங்க வேண்டும். அவர்கள் பெயர் காரின் திரையில் நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரிகையையாவது கல்யாணம் முடிந்ததும் பலகாரம் மடிக்கப் பயன்படுத்தலாம்.

வீட்டு லட்சுமி என்று முதலில் வேலாத்தாளை ஏற்றினார்கள். அவள் போன் இணைந்தது. அடுத்து தாய்மாமன், கரடி ராக்கியண்ணன். இருவாச்சிக்குக் கரடி எப்படித் தாய்மாமன் ஆனார் என்று கேட்கக் கூடாது. கார் வாங்கியவனுக்கு எல்லோரும் சொந்தம். பிறகு அக்காள் புருஷன், காட்டுப்பன்றி பொங்கியண்ணன். பிறகு பெரியம்மா, கருமந்தி பாவாத்தாள். பிறகு ஊர்ப் பெரியவர் யானை. அவரால் காருக்குள் நுழைய முடியவில்லை, ஜன்னல் வழியாகத் துதிக்கையை மட்டும் விட்டு இணைத்துவிட்டுப் போனார். கடைசியாக, காரை விற்ற நரி, "நானும் உங்கூட்டுப் பையனாட்டந்தானுங்க" என்று ஏறி உட்கார்ந்தது.

சென்னியப்பன் வெளியே நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். விருந்து வைக்கிறவன் கடைசிப் பந்தியில் உட்காருவதுதான் முறை. முறை தெரிந்தவன் அவன்.

எல்லோரும் இறங்கிய பிறகு அவன் ஏறினான். கொண்டை கூரையில் இடித்தது. திரையில் 'இணை' என்ற இடத்தை அலகால் அழுத்தினான். காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது.

"சாதனங்களின் பட்டியல் நிரம்பிவிட்டது. புதிய சாதனத்தை இணைக்க, பழைய சாதனம் ஒன்றை நீக்கவும்."

 வெளியே வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"யாரை நீக்கோணும்னு சொல்லுது?" என்றார் கரடி மாமன்.

"அது சும்மா சொல்லுதுங்க மாமா. புது வண்டி. இன்னும் பழகல."

"பழகாமயே ஒறவை நீக்கச் சொல்லுதா? பழகுனா என்ன சொல்லும்?"

"வந்த அன்னிக்கே இப்படிப் பேசற வண்டி வெளங்குமா?" என்று பெரியம்மா வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் அவசரமாக வண்டியை அணைத்தான். அந்தக் கார் வந்த நாளிலிருந்து அதற்குள் உண்மை பேசியது அந்தக் குரல் ஒன்றுதான். அதை யாரும் அதற்காக மன்னிக்கவில்லை.

வேலாத்தாள் பொந்துக்குள் போனாள். வாசல் அடைக்கப்பட்டது. அவள் இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அடைகாத்த நாட்களில் அவள் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. சென்னியப்பன் காலையில் காரில் கிளம்பி அத்திப்பழம் ஏற்றி மாலையில் வந்து சேர்ந்தான். பறந்து கொண்டுவந்த காலத்தில் பழம் பனியோடு இருக்கும். இப்போது டிக்கியில் வெந்து வந்தது. வேலாத்தாள் வாங்கித் தின்றாள்.

ஒரு நாள் காலை போன் அடித்தது. சென்னியப்பன் காரில் இருந்தான். போன், டம்ளர் வைக்கும் குழியில் இருந்தது. திரையில் 'வேலாத்தாள்' என்று வந்தது. அவன் போனைப் பார்த்தான். காரைப் பார்த்தான். கார் எடுக்கவில்லை.

முன் சீட்டில் கரடி மாமன் இருந்தார். இணைப்புச் சீர் முடிந்ததிலிருந்து அந்த சீட்டை அவர் உடும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பேசுங்க மாப்ள."

"காரு எடுக்கோணுங்க மாமா."

"காரு எடுக்கலையே."

"அதானுங்க இப்பப் பிரச்சனை."

"ஓரமா நிறுத்திப்போட்டு நீங்க எடுக்கலாமல்லோ?"

சென்னியப்பன் மாமனைப் பரிதாபமாகப் பார்த்தான். "நிறுத்திப் பேசறதுன்னா நானு நடந்தே போலாங்களே மாமா. வண்டி எதுக்கு வாங்குனேன்?"

மாமன் யோசித்தார். "அதுஞ் செரி" என்றார். அந்தக் காட்டில் பெரும்பாலான காரியங்கள் இந்த இரண்டு சொற்களால்தான் நாசமாகிக்கொண்டிருந்தன.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது. வெயில் சாய்ந்ததும் சென்னியப்பன் மரத்தடியில் காரை நிறுத்தி, கூரை மேல் ஏறி, அங்கிருந்து கிளைக்குத் தாவி, பொந்தின் கீறலுக்கு அலகை நீட்டினான்.

"ஏனுங்க, காத்தால இருந்து கூப்பிடறேன். குஞ்சு பொரிஞ்சிருச்சு."

"அடடே! நீ கூப்பிட்டது கேட்டுச்சு அம்மிணி. நல்லா கேட்டுச்சு."

"கேட்டா எடுக்கோணுங்க."

"நானு எடுத்து என்ன பண்றது? காரல்லோ எடுக்கோணும்."

 உள்ளே குஞ்சு கீச்சென்றது.

"பழந் திங்கற வயசில்லீங்க இதுக்கு. பூச்சியோ பல்லியோ வேணும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். இருட்டறதுக்குள்ள ஒரு எட்டுப் பறந்து போயி எதாச்சும் கொண்டாந்திருங்க."

"காரை நிறுத்திப்போட்டு நானு பறந்து போனா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? வண்டி பஞ்சர்னு பேச மாட்டாங்களா?"

அன்று வேலாத்தாள் அவன் கொண்டுவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகப் பிளந்து, உள்ளே இருந்த சின்னப் புழுக்களைப் பொறுக்கிக் குஞ்சுக்குக் கொடுத்தாள். மறுநாள் சென்னியப்பன் தவளைகள் கொண்டுவந்தான். அன்றைக்கோ அவள் பழச்சாறு வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். அதற்கு அடுத்த நாள் பழம் வந்தது. அப்போது தவளை வேண்டியிருந்தது. கூப்பிட்டது ஒரு நாளும் கொண்டுவந்தது இன்னொரு நாளுமாகவே போயிற்று. குஞ்சுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் தாய்க்கு. மிச்சம் பெரும்பாலும் இல்லை.

சென்னியப்பனும் சும்மா இருக்கவில்லை. காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். நரி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா?"

"பண்ணுனேனுங்க."

"ஆன் பண்ணி ஆஃப் பண்ணுனீங்களா?"

சென்னியப்பன் இதைச் செய்திருக்கவில்லை. செய்து பார்த்தான். கார் அணைந்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. போன்லதான்" என்றது நரி. போன் கடைக் காக்காய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன்ல ஒரு கோளாறும் இல்லீங்க. வண்டியிலதான்" என்றது. இரண்டும் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கூடக் கொடுத்தார்கள். மறுபடி நரியிடம் வந்தான். நரி இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"பட்டியல் நெறைஞ்சிருக்குதுங்க. ஒருத்தரை நீக்குனா உங்க போன் ஏறிக்கும். ஒரு நிமிசத்து வேலை."

"அப்படீன்னா உங்க பேரை நீக்கிக்கலாங்களா?"

நரி டையைச் சரிசெய்துகொண்டது. "தாராளமா நீக்கலாங்க. ஆனா வித்தவனை நீக்குன வண்டிக்கு வாரண்டி இல்லைன்னு கம்பெனியில ரூல்ஸ்."

யானையிடம் கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்றவர்களிடம் போனான்.

பெரியம்மா மரத்திலிருந்து இறங்காமலே அழுதாள். "எனக்குன்னு இந்தக் காட்டுல ஒரு எடம் இருக்குதுன்னா அது உன்ற வண்டிதான் சாமி" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த மரமும், அதைச் சுற்றி இருந்த தோப்பும் அவளுடையவை.

பொங்கியண்ணன் சேற்றில் புரண்டுகொண்டே பேசினான். "நீக்குங்க மச்சான். அதுக்கென்ன? அப்படியே உங்கக்காளையும் கொண்டாந்து உங்கூட்ல விட்டுட்டுப் போறேன். அவளையுஞ் சேர்த்து நீக்கிக்குங்க."

கரடி மாமன் முன் சீட்டில் இருந்தபடியே சொன்னார். "நீக்கோணும்னா நீக்குங்க மாப்ள. நானு ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். உங்க எழவுக்கும் வர மாட்டேன். அவ்வளவுதான்."

பெயரை எடுக்கச் சம்மதிக்காதவர்கள் வைத்தியம் சொல்வதில் குறை வைக்கவில்லை. போனைக் கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னார் மாமன். காருக்குக் கண் பட்டிருக்கிறது, பூசணிக்காய் சுற்று என்றாள் பெரியம்மா. டயரில் சேறு அப்பினால் பூமியோடு தொடர்பு கிடைக்கும், பிறகு போனோடு தானாகக் கிடைக்கும் என்றான் பொங்கியண்ணன். எல்லாவற்றையும் செய்தான் சென்னியப்பன். பூசணிக்காய் உடைந்த கையோடு கார் உயிர் பெற்று, "இணைக்கப்பட்டது" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமனின் போனோடு இணைந்திருந்தது. அவர்தான் எப்போதும் முன் சீட்டில் இருக்கிறாரே, கார் அவரை அடையாளம் கண்டுகொள்ளாமல் வேறு யாரைக் கண்டுகொள்ளும்?

மாமனையும் பொங்கியண்ணனையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிய நிமிடமே மாமனுக்கு அழைப்பு வந்தது. கார் தானாக எடுத்தது. மாமனோடு தேன் எடுக்கப் போகும் இன்னொரு கரடியின் குரல் நாலு பக்கமும் முழங்கியது.

"ஏப்பா ராக்கியண்ணா, இன்னுமா அந்தக் கொண்டைக்காரன் வண்டியில சுத்திக்கிட்டிருக்கற? எறக்கை இருக்கறவன் காரு வாங்குனான்னு காடே சிரிக்குது. நீ சொன்னது செரிதான்ப்பா. கொண்டை அத்தனை பெருசா இருக்குது, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

மாமன் ஜன்னலுக்கு வெளியே ஒரு புதரைப் பார்த்தார். பின் சீட்டில் பொங்கியண்ணன் கூரையைப் பார்த்தான். சென்னியப்பன் சாலையைப் பார்த்தான். அழைப்பு முடிந்து, ஒரு வளைவு கடந்து, இரண்டாவது வளைவும் கடந்தது.

"குரல் நல்லாத் தெளிவா வந்துச்சுங்க மாமா" என்றான் சென்னியப்பன்.

"ஆமா மாப்ள. பக்கத்துல நின்னு பேசறாப்பல இருந்துச்சு."

அப்போதாவது மாமனை நீக்கியிருக்கலாம். ஆனால் அப்போது நீக்கினால் கோபத்தில் நீக்கியது போல ஆகிவிடும். அதற்கு முன்னால் நீக்கியிருந்தால் காரணமில்லாமல் நீக்கியது போல ஆகியிருக்கும். உறவுக்காரரை நீக்குவதற்கு என்று ஒரு நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

அந்தக் கரடி பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், டம்ளர் குழியில் சென்னியப்பனின் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மாலையில் பொந்துக்குப் போனபோது வேலாத்தாளின் குரல் மெலிந்திருந்தது.

"மழையில சுவரு விரிசல் உட்டிருச்சுங்க. மத்தியானம் ஒரு உடும்பு வந்து மரத்தடியில நின்னுச்சு. மேல பாத்துச்சு. நாக்கை நீட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு. அது மறுபடியும் வரும். ரெண்டு வாய் ஈர மண்ணு கொண்டாந்து பூசுங்க. போதும்."

"மழை விடட்டும் அம்மிணி. இப்ப மண்ணு ஏத்துனா சீட்டெல்லாஞ் சேறாயிரும்."

"அலகுல கொண்டாந்தா சேறாகாதுங்க."

"அலகுல கொண்டாரதுக்குப் பறக்கோணும்."

கீறலுக்கு அந்தப் பக்கம் அவள் கண் மட்டும் தெரிந்தது. அது அவனையே பார்த்தது.

"ஏனுங்க, நானு ஒண்ணு சொல்றேன். அந்தப் பட்டியல்ல இருந்து ஒருத்தரை நீக்கிப்போட்டு உங்க போனைச் சேர்த்துத் தொலைங்க. உசுரு போற காரியம். யாரா இருந்தாலுஞ் செரி."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

அவன் அந்த நேரத்தில் கீறல் வழியாக உற்றுப் பார்த்திருந்தால், அவள் தோள்களில் புது இறகுகள் கருகருவென்று குருத்து விட்டிருப்பதைக் கண்டிருப்பான். அவன் உற்றுப் பார்க்கவில்லை. அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

மறுநாள் உறவுக்காரர்கள் எல்லோரையும் காரைச் சுற்றிக் கூட்டினான்.

"யாரு மனசும் நோகாம ஒரு வழி கண்டுபுடிச்சுட்டேனுங்க" என்றான். "வேலாத்தாள் பேரை நீக்கிரலாம். அவளே சொல்லிட்டா, யாரா இருந்தாலுஞ் செரின்னு."

ஒரு நிமிடம் எல்லோரும் அவனைப் பிரமிப்போடு பார்த்தார்கள். அவன் கொண்டைக்குக் கீழே ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று மாமன் முதல்முறையாக நினைத்தார்.

"செரிதானுங்க மச்சான்" என்றான் பொங்கியண்ணன். "எப்படியும் அது பொந்துக்குள்ள இருக்குது. வண்டியில ஏறப்போறதுமில்ல."

"இதல்லோ குடும்பத்துப் பொண்ணு" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம பேரு நிக்கோணும்னு தன்ற பேரையே உட்டுக் குடுத்திருக்குது. கையெடுத்துக் கும்புடோணும்" என்றார் மாமன்.

எல்லோரும் பொந்து இருப்பதாக நினைத்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பொந்து அந்தத் திசையில் இல்லை.

"வேலாத்தாளை நிரந்தரமாக நீக்கவா?" என்று கார் கேட்டது. அந்தப் பெண் குரல் கொஞ்சம் தயங்கியது போல இருந்தது. அது கற்பனையாக இருக்கலாம். சென்னியப்பன் அலகால் 'ஆம்' என்பதை அழுத்தினான். ஒரு நிமிடத்து வேலைதான். நரி பொய் சொல்லவில்லை. "சென்னியப்பன் இணைக்கப்பட்டது" என்றது கார்.

தேங்காய் உடைத்தார்கள். மறுபடி ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன் சீட்டில் மாமன், பின் சீட்டில் பொங்கியண்ணனும் பெரியம்மாவும். ஊர்வலம் கிளம்பியது. முதல் அழைப்பைக் கேட்க எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அழைப்பு வரவில்லை. சென்னியப்பனைக் கூப்பிடக் காட்டில் அதிகம் பேர் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் காருக்குள் இருந்தார்கள்.

"பொந்துப் பக்கம் ஒருக்காப் போயிப் பாத்துட்டு வந்தர்லாமா?" என்று பெரியம்மா கேட்டாள். "உடும்புன்னு என்னமோ சொன்னியே."

"நேர்ல போயி நின்னா அவ எதுக்குப் பெரியம்மா போன்ல கூப்பிடப்போறா?" என்றான் சென்னியப்பன்.

"அதுஞ் செரி" என்றார் மாமன்.

ஆகவே பொந்துக்குப் போகும் பிரிவைக் கடந்து, நேராகவே போனார்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரு மேட்டில் காரை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

உச்சி வெயில் நேரத்தில் கார் பேசியது. "வேலாத்தாள் அழைக்கிறார்."

"ச்சூ! யாரும் பேசாதீங்க" என்றான் சென்னியப்பன். கொண்டையை நேராக்கிக்கொண்டான். ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தானை, இறக்கையை எடுக்காமல், அழுத்தினான். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சாலையைப் பார்த்தபடியே பேசினான்.

"சொல்லு அம்மிணி!"

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"கேக்குது! கேக்குது!"

"உடும்பு விரிசல் வழியா தலையை உள்ள உட்டிருச்சுங்க."

"பாத்தீங்களா மாமா, மூச்சு வாங்கறது மொதக்கொண்டு கேக்குது!"

"பின்னாடிக்கு இன்னுங் கொஞ்சம் வைங்க மச்சான்" என்றான் பொங்கியண்ணன். சென்னியப்பன் சத்தத்தைக் கூட்டினான்.

"கண்ணுல குத்துனேன்" என்று நாலு பக்கமும் இருந்து சொன்னாள் வேலாத்தாள். "கீழ உளுந்து ஓடிருச்சு. அதுக்கப்பறம் நானு சுவரை இடிச்சுப்போட்டு வெளிய வந்துட்டேன். எறக்கை முளைச்சிருச்சுங்க. நீங்க பாக்கல. குஞ்சு உள்ள இருந்தே மறுபடியும் மண்ணு பூசிக்கிடுச்சு. கெட்டிக்காரக் குஞ்சு. இனி அதுக்கு எரை நானே கொண்டாந்து குடுத்துக்கறேன். நீங்க வர வேண்டாம். இன்னிக்கு மட்டுமில்ல. என்னிக்கும் வேண்டாம். நானு சொல்றது கேக்குதுங்களா?"

"சுத்தமாக் கேக்குது அம்மிணி! எங்க, இன்னொருக்காச் சொல்லு. பெரியம்மாளுக்கு மொத வரி உட்டுப்போச்சாம்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. அதுவும் கேட்டது. பிறகு கார், "அழைப்பு முடிந்தது" என்றது.

காருக்குள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன வெவரம் சொல்லுச்சு மாப்ள?" என்று மாமன் கேட்டார்.

"வெவரத்தைப் பொறவு கேட்டுக்கலாங்க மாமா. எரைச்சல் இருந்துச்சுங்களா, அதைச் சொல்லுங்க."

"துளி இல்ல."

"கட் ஆனதுகூட நல்லா விழுந்துச்சு" என்றான் பொங்கியண்ணன்.

அப்போது காரின் மேல் ஒரு நிழல் விழுந்து நகர்ந்தது. மலைரயில் ஏறுவது போன்ற ஒரு பெரிய சத்தம் தலைக்கு மேலே வந்து, அத்திமரங்கள் இருந்த ஆற்றங்கரைப் பக்கம் போயிற்று. இத்தனை தூரத்தை அது கடந்த நேரத்தில் பொங்கியண்ணன் ஒரு கொட்டாவியைத் தொடங்கி, இன்னும் முடிக்கவில்லை.

"இதென்ன சத்தம்?" என்று சென்னியப்பன் முகம் சுளித்தான். "அடுத்த போன் வந்தா ஒண்ணுங் கேக்காது போல."

ஜன்னல் கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, எல்லோரும் காத்திருந்தார்கள்.

நீதி: உற்றார் உறவினர் பெயரை ஒருபோதும் நீக்காதே, கூப்பிடுகிறவளின் பெயரை நீக்கிவிட்டால் குரல் தெளிவாகக் கேட்கும்.